எல்ல ஒன்பது வளைவு பாலத்தை கோச்சில (ரயில்ல) இருந்தே பார்க்க

இலங்கை மலையகத்துல எல்ல ஊர்ப்பக்கம் இருக்கிற இந்த ரயில் பாலத்தை கீழ நின்னு போட்டோ எடுக்கிறதை விட கோச்சில ஏறி கடந்து பாருங்க, அதுக்கு கண்டியில இருந்தெல்லாம் நெரிசல்ல வரத் தேவையில்ல, பதுளையில ஏறுங்க, அங்கதான் கோச்சி கிளம்புது, மூணாம் கிளாஸ்லயும் சீட் பிடிக்கலாம், எல்லவுக்கு சுமார் ஒரு மணித்தியாலம்தான்.

முக்கியமா கடைசி பெட்டிகள்ல ஏறுங்க. பாலம் வளைஞ்சு போறதால முன்னால எஞ்சினும் பெட்டியும் வளைவு மேல போறது உங்க ஜன்னல்லயே தெரியும், முன் பெட்டில இருந்தா அது கிடைக்காது. வளைவோட உள்பக்கம் எதுன்னு பதுளை ஸ்டேஷன்லயே கேட்டு உக்காருங்க. 1921ல கட்டினது, நீளம் 91 மீட்டர், உயரம் 24 மீட்டர், இரும்பே இல்லாம கல்லு செங்கல் சிமெந்துலயே நிக்குது, நம்ம மலையகத்துக்கே பெருமை அது.

பாலத்துக்கு முன்னாலயே தெமோதரை வரும், அங்கயும் கண்ணை மூடிராதீங்க, ஒரு சுரங்கத்துக்குள்ளால போய் மலையை சுத்தி ஏறி அந்த சுரங்கத்துக்கு மேலயே இருக்கிற ஸ்டேஷன்ல கோச்சி நிக்கும்!

புட்போட்ல தொங்கி செல்பி எடுக்கிறது மட்டும் வேணவே வேணாம், பாலத்தை ஒட்டினாப்லயே சுரங்கம் இருக்கு, சுவருக்கும் பெட்டிக்கும் இடைவெளி ரொம்ப கம்மி. புள்ளைங்களை ஜன்னலுக்கு வெளிய கை நீட்ட விடாதீங்க. மழைக் காலத்துல மண்சரிவுன்னா லைனை மூடிருவாங்க, அதனால கிளம்புறதுக்கு முதல் நாளே ஸ்டேஷனுக்கு ஒரு கோல் எடுத்து கேட்டுக்கங்க.