படிகம் வளர்ந்துவிட்டது, யாருடைய படிகம்? சவ்வுப் புரதப் படிகவியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடிப் பக்கத்து ஆய்வகங்களில் புதிதாகச் சேரும் மாணவர்கள், எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில் சறுக்குவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். குழாயில் பெயர் எழுத மறப்பது, பஃபரின் பிஎச் அளவைச் சரிபார்க்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றை முதல் மாதத்திலேயே ஆய்வகம் கற்றுக்கொடுத்துவிடும். மாதக்கணக்கில் உழைப்பை விழுங்கிவிட்டு, கடைசியில்தான் முகம் காட்டும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

செல்லின் கொழுப்புப் படலத்துக்குள் பதிந்திருக்கும் சவ்வுப் புரதங்கள் தண்ணீரில் கரைவதில்லை. அவற்றின் முப்பரிமாண அமைப்பை அறிய, சோப்பு போன்ற டிடர்ஜென்ட் கொண்டு அவற்றை வெளியே எடுத்து, தூய்மைப்படுத்தி, படிகமாக்கி, எக்ஸ் கதிரில் காட்ட வேண்டும். தவறுகள் இந்த ஒவ்வொரு படியிலும் நேர்கின்றன.

கிடைத்த படிகம் நம்முடையதுதான் என்று நம்பிவிடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் புரதத்தை உற்பத்தி செய்ய நாம் வளர்க்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் உட்சவ்வில் ஏசிஆர்பி என்றொரு புரதம் உண்டு. மருந்துகளைச் செல்லுக்கு வெளியே தள்ளுவது அதன் வேலை. அதன் வால்முனையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. போதாக்குறைக்கு அது மூன்று மூன்றாகச் சேர்ந்தே இருக்கும். நாம் நம் புரதத்துக்கு ஹிஸ்டிடின் வால் ஒட்டி, ஹிஸ்டிடினைப் பற்றிக்கொள்ளும் நிக்கல் பத்தியில் பிடிக்கிறோம் அல்லவா, அழைக்காமலே இதுவும் வந்து அதே பத்தியில் ஒட்டிக்கொள்ளும். அளவில் மிகக் குறைவாக இருந்தாலும் அழகாகப் படிகமாகும் குணமும் அதற்கு உண்டு. நம் புரதம் நூறு பங்கு இருந்து அடம்பிடிக்க, ஓரமாக நிற்கும் இது படிகமாகிவிடும்.

ஓர் ஆய்வகத்தில் 52 கிலோடால்டன் எடையுள்ள ஒரு கடத்திப் புரதத்தில் வேலை செய்த மாணவியின் கதை இது. வாராந்தரக் கூட்டத்தில் அவர் காட்டிய, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லின் படத்தில் ஒரே ஒரு தடித்த பட்டைதான் தெரிந்தது. படத்தின் மேல்பகுதி 75 கிலோடால்டனுக்குச் சற்று மேலே வெட்டப்பட்டிருந்தது. முழுப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், 110 அருகே மயிரிழை போல ஒரு கோடு. “அது நம்ம புரதத்தோட டைமர் சார், சவ்வுப் புரதம்னா அப்படித்தான் ஓடும்” என்றார். சவ்வுப் புரதங்கள் ஜெல்லில் தம் உண்மையான எடைக்கு ஏற்ப ஓடாது என்பது சரிதான். சில புரதங்கள் இரட்டையாகவே நிற்கும் என்பதும் சரிதான். ஆனால் ஏசிஆர்பியின் ஒரு சங்கிலி ஏறத்தாழ 113 கிலோடால்டன் என்பதும் சரி. இரண்டு விளக்கங்கள் இருக்கும்போது நமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, சோதித்துப் பார்க்கக்கூடிய மற்றதைக் கைவிடுவதுதான் இங்கே நடந்த பிழை. அந்தக் கூட்டத்தில் இருந்த மூத்தவர்கள் ஒருவரும் அதைத் தட்டிக் கேட்கவில்லை என்பது எனக்கு இன்னும் பெரிய ஆதங்கம்.

படிகங்கள் வளர்ந்தன; ஆய்வகமே இனிப்பு வாங்கிக் கொண்டாடியது. இந்தோரில் உள்ள இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான் என்ற எக்ஸ் கதிர் நிலையத்தில் 4 ஆங்ஸ்ட்ராம் துல்லியம் வரை (எண் சிறிதானால் துல்லியம் கூடுதல்) தரவும் கிடைத்தது. உறவுமுறைப் புரதத்தின் அமைப்பை மாதிரியாக வைத்துத் தீர்க்கப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. உடனே, மாதிரி இல்லாமலே அமைப்பைத் தீர்ப்பதற்காக, செலினியம் ஏற்றிய புரதத்தைத் தயாரிக்கும் நீண்ட வேலை தொடங்கியது. செலினியப் படிகங்களும் வளர்ந்தன, வளராமல் என்ன செய்யும்? செலினோமெத்தியோனின் கலந்த ஊடகத்தில் வளரும் பாக்டீரியா தன் சொந்த ஏசிஆர்பியிலும் அதைத்தானே சேர்க்கும். வெகுநாள் கழித்து ஒருவர் அலகுக் கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறு பெட்டியின்) அளவுகளைப் புரதத் தரவு வங்கியில் தேடிப் பார்த்தார்: ஆர்32 இடக்குழு என்ற சமச்சீர் வகை, இரு பக்கங்கள் சுமார் 145 ஆங்ஸ்ட்ராம், மூன்றாவது சுமார் 520. ஜப்பானியக் குழு ஒன்று 2002-லேயே 3.5 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியிட்டிருந்த ஏசிஆர்பியின் அமைப்பு அது. சில நிமிடத் தேடல். முதல் தரவு கைக்கு வந்த அன்றே அதைச் செய்திருக்கலாம்.

ஆகவே சில கட்டாயங்களைச் சொல்லிவைக்கிறேன். ஜெல் படத்தை ஒருபோதும் வெட்டிக் காட்டாதீர்கள். முதல் படிகங்களில் சிலவற்றை எடுத்து, அவை வளர்ந்த தாய்க்கரைசலில் பலமுறை கழுவி, கரைத்து, வெள்ளிச் சாயம் ஏற்றும் ஜெல்லில் ஓடவிடுங்கள். படிகத்துக்குள் இருப்பது எந்தப் பட்டை என்பது அங்கே தெரிந்துவிடும். சந்தேகப் பட்டையை வெட்டி அது எந்தப் புரதம் என்று அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு அனுப்புங்கள். வெற்றுப் பிளாஸ்மிட் (நம் புரதத்தின் மரபணு இல்லாத டிஎன்ஏ வளையம்) கொண்ட செல்களை அதே படிகளில் தூய்மைப்படுத்தி என்ன வெளிவருகிறது என்று ஒருமுறையாவது பாருங்கள். இதைச் செய்யச் சொன்னால் நேரவிரயம் என்று முகம் சுளிக்காத மாணவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஏசிஆர்பி மரபணு நீக்கப்பட்ட ஈ.கோலை வகைகள் கிடைக்கின்றன, அவற்றில் தொடங்குவது இன்னும் நல்லது. அலகுக் கூட்டைத் தேடிப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. வெளிச்சவ்வுப் புரதங்களில் வேலை செய்வோருக்கு இதே தொல்லையை ஓம்ப்எஃப் என்ற துளைப் புரதம் கொடுக்கும்.

டிடர்ஜென்ட்டையும் சேர்த்துச் செறிவாக்குவது

டிடிஎம் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் டிடர்ஜென்ட் சுமார் 0.009 சதவீதத்திலேயே மைசெல்கள் எனும் சிறு உருண்டைகளாகத் திரளத் தொடங்கும். அந்த மைசெல் ஏறத்தாழ 70 கிலோடால்டன். 50 கிலோடால்டனுக்கு மேற்பட்டதைத் தடுக்கும் வடிகட்டியில் புரதத்தைச் செறிவாக்கினால் தண்ணீர் வெளியேறும், வெற்று மைசெல்கள் புரதத்தோடு உள்ளேயே தங்கும். புரதம் பத்து மடங்கு செறிவானால் மைசெல்களும் ஏறக்குறைய அவ்வளவு செறிவாகும். படிகமாக்கும் துளியில் எண்ணெய்த் துளிகள் பிரிவதும், சென்ற மாதம் வளர்ந்த படிகம் இந்த மாதம் வளராததும் பெரும்பாலும் இதனால்தான். படிகமாக்கும் கண்டிஷனை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. புரதமும் அதைச் சூழ்ந்த டிடர்ஜென்ட்டும் சேர்ந்த எடை இடம் கொடுத்தால் 100 கிலோடால்டன் வடிகட்டியைப் பயன்படுத்துங்கள். டிடிஎம் ஒரு சர்க்கரை டிடர்ஜென்ட் என்பதால் பீனால், கந்தக அமிலச் சோதனையிலேயே அதன் அளவைக் கணக்கிட்டுவிடலாம். ஒவ்வொரு தயாரிப்பிலும் அந்த எண்ணைப் புரதச் செறிவுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

கத்திரி வெயிலில் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு திரிவது

20 டிகிரியில் வளரும் படிகத்துக்கு வேலூரின் மே மாத வராந்தா இடமல்ல. நுண்ணோக்கியைக் குளிரூட்டிய அறைக்குள் கொண்டுபோங்கள்.

எல்லாப் படிகங்களையும் உறைய வைத்துவிடுவது

ஒன்றையாவது உறைய வைக்காமல் கதிரில் காட்டிப் பாருங்கள். குறை படிகத்திலா உறைய வைத்த முறையிலா என்பது தெரியும்.

கைவழியாக வந்த மென்பொருளைக் கேள்வி கேட்காமல் ஓட்டுவது

எம்எஸ்பிஏ என்ற கடத்தியின் அமைப்பு 2001-இல் 4.5 ஆங்ஸ்ட்ராம் அளவில் வெளியானது. 2006-இல் ஒரு சுவிஸ் குழு அதன் உறவுப் புரதமான சாவ்1866-இன் அமைப்பை வெளியிட்டபோது இரண்டும் ஒத்துப்போகவில்லை. எம்எஸ்பிஏ குழுவின் ஆய்வகத்துக்குள்ளேயே புழங்கிய ஒரு நிரல் தரவின் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றியிருந்தது. அதனால் அமைப்பே இடவலம் மாறிப்போயிருந்தது. ஐந்து கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவ்வளவு குறைந்த துல்லியத்தில் புரதச் சுருளின் திருகுதிசை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது என்பதால், அமைப்பு தீர்க்கப்பட்ட ஒரு புரதத்தின் தரவை அதே நிரல் வழியாக ஓட்டிச் சரிபார்த்த பிறகே சொந்தத் தரவைத் தொட வேண்டும்.

ஒரே புரதத்தின் மேல் ஆய்வேட்டை அடகு வைப்பது

மிஷெல், டீசன்ஹோஃபர், ஹூபர் மூவரும் ஒளிச்சேர்க்கை வினைமையத்தின் அமைப்பை 1985-இல் வெளியிட்டு 1988-இல் நோபல் பரிசு பெற்றதைச் சொல்லி உற்சாகமூட்டுவோர், அந்தப் புரதம் பாக்டீரியாவிலேயே தாராளமாகக் கிடைத்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. பீட்டா-2 அட்ரினலின் ஏற்பி என்ற சவ்வுப் புரதத்தின் மரபணு 1986-இல் கிடைத்தது. அமைப்பு வெளியானது 2007-இல். அத்தனை ஆண்டு காத்திருக்க எந்த ஆய்வு உதவித்தொகையும் இடம் தராது.

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த, வெவ்வேறு பாக்டீரியாக்களின் புரதங்கள் சிலவற்றை ஒருசேரத் தொடங்குங்கள். அவற்றில் எது டிடர்ஜென்ட்டில் கட்டுக்குலையாமல் நிற்கிறதோ அதைத் தொடருங்கள். போதிய பெரிய புரதமாக இருந்தால் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு முதல் ஆண்டிலேயே மாதிரி அனுப்புங்கள். கலப்படம் இருந்தால் அங்கேயே வெளிப்பட்டுவிடவும் கூடும். என்னிடம் ஆலோசனை கேட்டு வருபவர்களிடம், படிகம் வராவிட்டால் எந்த மாதத்தில் நிறுத்துவது என்பதை வழிகாட்டியோடு பேசி முடிவு செய்து, அந்தத் தேதியை ஆய்வுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி இருவரும் கையெழுத்திடும்படி சொல்கிறேன்.