கறிவேப்பிலை உருவிக்கொண்டே குழந்தையைப் பேச வைக்கலாம்

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை உள்ள குழந்தைக்குப் பேச்சு வளர, படம் போட்ட அட்டைகள் தேவையில்லை. தினமும் தவறாமல் நடக்கிற ஒரு வீட்டு வேலை போதும். இங்கே கறிவேப்பிலை உருவுவதை எடுத்துக்கொள்கிறேன். குளிப்பாட்டுவது, துணி மடிப்பது, எதுவானாலும் சரி. டிவியை மட்டும் அணைத்துவிடுங்கள்.

படி 1: தரையில் எதிரெதிரே உட்காருங்கள். உங்கள் வாய் அசைவது குழந்தைக்குத் தெரிய வேண்டும். அதன் கையிலும் ஒரு கொத்து கொடுங்கள். இலையை வாயில் போட்டுப் பார்க்கும்; பக்கத்திலேயே இருங்கள்.

படி 2: குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். நீங்கள் இலையைக் காட்டும் நேரத்தில் அது ஜன்னலில் வந்து உட்கார்ந்த காக்காயைப் பார்க்கும். அப்படியானால் அன்றைக்குக் காக்காய்தான் பாடம். "காக்கா வந்திருக்கு." அவ்வளவு சின்ன வாக்கியம் போதும்.

படி 3: காத்திருங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், பெரும்பாலானோர் கோட்டை விடுவதும் இங்கேதான். சொல்லி முடித்ததும் குழந்தையின் முகத்தைப் பார்த்தபடி மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பத்து வரை போனாலும் தப்பில்லை. காதில் விழுந்ததைப் புரிந்துகொண்டு, சொல்லைத் தேடி, நாக்கைப் புரட்ட அதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். நாமோ "பால் வேணுமா? வேணும்ல? சரி, இந்தா" என்று இரண்டு பேருடைய பேச்சையும் நாமே பேசி முடித்துவிடுகிறோம். பதில் சொல்லாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. கை நீட்டினாலும் பதில், "ம்" என்றாலும் பதில்.

படி 4: அது சொன்னதோடு ஒன்றிரண்டு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள்.

"எலை."
"ஆமா, பச்சை இலை."
(காத்திருக்கவும்)
"எலை போத்து."
"இலை போச்சா! கீழே விழுந்துடுச்சு."

இதில் "போத்து இல்லடா, போச்சுன்னு சொல்லு" என்ற திருத்தமே இல்லை. சரியான உச்சரிப்பு உங்கள் பதிலுக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டது. ர, ற, ழ எல்லாம் தாமதமாகத்தான் வரும். இந்த வயதில் ரயில் 'லயில்' ஆக ஓடினால் ஓடட்டும்.

படி 5: பரீட்சை வைக்காதீர்கள். "இது என்ன? அது என்ன கலர்? மாமாவுக்குச் சொல்லிக் காட்டு" என்று விருந்தாளி முன்னால் நிறுத்தினால், தெரிந்த சொல்லும் தொண்டையிலேயே நின்றுவிடும். கேட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்: "இதை அப்பாவுக்குக் கொடுக்கலாமா, பாட்டிக்கா?" பதிலுக்கு வேண்டிய சொல் கேள்வியிலேயே இருக்கிறது.

எந்த மொழியில் பேசுவது? உங்களுக்குச் சரளமாக வருகிற மொழியில். பாட்டி தெலுங்கில் பேசினால் பேசட்டும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. திக்கித் திணறி ஆங்கிலத்தில் பேசுவதைவிட வாய் நிறையத் தமிழில் பேசுவது மேல்.

செல்போன் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ரைம்ஸ் வீடியோ குழந்தை பேசுவதற்காகக் காத்திருக்காது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இரண்டு வயது முடிந்தும் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர்க்கவில்லை, அல்லது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, அல்லது முன்பு பேசிய சொற்கள் மறைந்துவிட்டன என்றால், "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று நாள் கடத்தாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். காது கேட்கும் திறனை முதலில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதை இலவசமாகவே பார்க்கிறார்கள்.