பழைய 335 வாட், புதிய 540 வாட்: இரண்டு வகைப் பேனலையும் ஒரே இன்வெர்ட்டரில் இணைப்பது எப்படி?

மதுரைப் பக்கம் மொட்டை மாடியில் சில வருடங்களுக்கு முன் சோலார் போட்ட வீடுகளில் 335 வாட் பாலி பேனலைப் பரவலாகப் பார்க்கலாம். வீட்டில் இன்னொரு ஏ.சி. வந்ததும் நாலு பேனல் கூட்டலாம் என்று கடைக்குப் போனால் கையில் கிடைப்பது 540 வாட் மோனோ. இரண்டையும் ஒரே இன்வெர்ட்டரில் சேர்க்க முடியும். ஆனால் வாட்டை மட்டும் கூட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சீரிஸில் (ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸில் என வரிசையாக) கோர்த்தால் ஆம்பியர் பொருந்த வேண்டும், பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என) கோர்த்தால் வோல்ட் பொருந்த வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

1. பேனலின் முதுகைப் படியுங்கள்

பின்பக்க ஸ்டிக்கரில் இருந்து நாலு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறினாலும் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

- 335 வாட்: ஓப்பன் சர்க்யூட் (எதிலும் இணைக்காதபோது) 45.8 வோல்ட், ஷார்ட் சர்க்யூட் (பிளஸ்ஸையும் மைனஸையும் நேராகச் சேர்த்தால்) 9.3 ஆம்பியர், வேலை செய்யும்போது 38 வோல்ட், 8.8 ஆம்பியர்
- 540 வாட்: ஓப்பன் சர்க்யூட் 49.5 வோல்ட், ஷார்ட் சர்க்யூட் 13.8 ஆம்பியர், வேலை செய்யும்போது 41.5 வோல்ட், 13 ஆம்பியர்

2. பழைய பேனலை அளந்து பாருங்கள்

ஸ்ட்ரிங்கை, அதாவது சீரிஸில் கோர்த்த பேனல் வரிசையைப் பிரித்து, ஒவ்வொரு பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்ட்டையும் மல்டிமீட்டரில் பாருங்கள். பிரிப்பதற்கு முன் இன்வெர்ட்டரையும் டி.சி. ஐசொலேட்டரையும் (பேனலிலிருந்து வரும் நேர் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்துவிட வேண்டும். கரண்ட் ஓடும்போது எம்.சி.4 கனெக்டரை (பேனல் கேபிளை இணைக்கும் செருகி) உருவினால் தீப்பொறி நீண்டு கையைச் சுட்டுவிடும்.

ஸ்டிக்கரில் இருப்பது 25 டிகிரிக்கான கணக்கு. சித்திரை வெயிலில் பேனலின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.3 சதவீதம் வோல்ட் இறங்குவதால் 45.8 என்று போட்ட பேனல் மத்தியானம் 41 காட்டும். அது பழுது அல்ல. எல்லாம் 41 காட்டும்போது ஒன்று மட்டும் 27 காட்டினால் அதைச் சந்தேகப்படுங்கள்: பேனலுக்குள் இருக்கும் மூன்று பைபாஸ் டயோடில் (நிழல் விழுந்த செல்களைத் தாண்டிக் கரண்ட்டைக் கடத்தும் பாகம்) ஒன்று ஷார்ட் ஆகி, மூன்றில் ஒரு பங்கு செல்கள் விடுபட்டுப் போயிருக்கும். அந்தப் பேனலை ஒதுக்கிவிடுங்கள்.

3. இன்வெர்ட்டரின் எல்லையைப் பாருங்கள்

அதிகபட்ச டி.சி. வோல்ட், எம்.பி.பி.டி. (பேனலிலிருந்து அதிகபட்ச வாட்டை இழுக்கும் இன்வெர்ட்டர் பகுதி) வேலை செய்யும் வோல்ட் வரம்பு, ஒரு எம்.பி.பி.டி. தாங்கும் ஆம்பியர், எம்.பி.பி.டி. எத்தனை. இதில் கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் வழியைத் தீர்மானிக்கும். பழைய மாடல்கள் சிலவற்றில் ஒரு உள்ளீட்டுக்கு 11, 12 ஆம்பியர்தான் எல்லை. 13 ஆம்பியர் பேனலை அதில் மாட்டினால் மேலே இருப்பது வீணாகும்.

4. எப்படிக் கோர்ப்பது?

பழையது ஆறு, புதியது நாலு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,170 வாட்.

*இரண்டு எம்.பி.பி.டி. இருந்தால்:* யோசிக்கவே வேண்டாம். ஆறு பழையது ஒரு ஸ்ட்ரிங் (228 வோல்ட், 8.8 ஆம்பியர்), நாலு புதியது இன்னொரு ஸ்ட்ரிங் (166 வோல்ட், 13 ஆம்பியர்). ஒன்று மற்றொன்றை இழுக்காது. தென்னை நிழலோ தண்ணீர்த் தொட்டி நிழலோ விழும் பேனல்களையும் இப்படித் தனி ஸ்ட்ரிங்காகப் பிரிக்கலாம்.

*ஒரே எம்.பி.பி.டி., பத்தும் சீரிஸில்:* முழு வரிசையும் பழைய பேனலின் 8.8 ஆம்பியருக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு 540 வாட் பேனலும் 375 வாட் அளவில் நின்றுவிடும். மொத்தம் ஏறக்குறைய 3,500 வாட். புதிதாகப் போட்ட பணத்தில் கால்வாசிக்கு மேல் தூங்குகிறது. வோல்ட்டையும் சரிபாருங்கள். ஓப்பன் சர்க்யூட் கூட்டினால் 473. குளிர்ந்த காலையில் வோல்ட் ஏறும்: மதுரைக்கு 15 டிகிரி என்று கணக்கிட்டால் 3 சதவீதம் கூடி 487. இதே அமைப்பைக் கொடைக்கானலில் போட்டு 5 டிகிரிக்குக் கணக்கிட்டால் 501. இன்வெர்ட்டரின் எல்லை 500 வோல்ட் என்றால் அங்கே இது கூடவே கூடாது.

*ஒரே எம்.பி.பி.டி., பேரலலில்:* 228 வோல்ட் வரிசையையும் 166 வோல்ட் வரிசையையும் சேர்க்காதீர்கள். இன்வெர்ட்டர் நிற்கும் நேரத்தில் உயர் வோல்ட் வரிசையிலிருந்து மற்றதற்குக் கரண்ட் திரும்பிப் பாயும், பேனல் சூடாகும். இரு வரிசைக்கும் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. நாலு பழையது (152), நாலு புதியது (166) என்று கோர்த்தால் கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் இழப்பு சில சதவீதத்தோடு நிற்கும். ஷார்ட் சர்க்யூட் ஆம்பியர் இரண்டும் சேர்ந்து 23.1; அதை இன்வெர்ட்டர் தாங்குமா என்று பார்த்துவிட்டே செய்யுங்கள். மீதி இரண்டு பேனலை பேட்டரி சார்ஜுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆப்டிமைசர் (ஒவ்வொரு பேனலிலும் தனித்தனியாக மாட்டி வோல்ட், ஆம்பியரைச் சரிசெய்யும் சின்னக் கருவி) போடுவதானால் வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரை ஏற்றும் வகையை வாங்கி, ஆம்பியர் குறைந்த பழைய பேனல்களில் மாட்ட வேண்டும். புதியதில் மாட்டினால் பலன் இல்லை. ஆறு ஆப்டிமைசரின் விலையில் இரண்டு எம்.பி.பி.டி. உள்ள இன்வெர்ட்டருக்கு மாறிவிடலாமா என்றும் விசாரித்துப் பாருங்கள்.

5. ஒயரிங்

4 சதுர மி.மீ. சோலார் டி.சி. கேபிள், ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் சோலார் டி.சி. ஃபியூஸ் (பேனல் ஸ்டிக்கரில் போட்ட அளவுக்கு மேல் போகாமல், பழையதில் பெரும்பாலும் 15 ஆம்பியர்), டி.சி. எஸ்.பி.டி. (திடீர் வோல்ட் ஏற்றத்திலிருந்து காக்கும் கருவி), டி.சி. ஐசொலேட்டர். வீட்டு மாற்று மின்னோட்டத்துக்கான (ஏ.சி.) எம்.சி.பி. பிரேக்கரை இங்கே மாட்டாதீர்கள், டி.சி. தீப்பொறியை அது அணைக்காது. பழைய பேனலில் ஒரு கம்பெனி கனெக்டர், புதியதில் வேறு கம்பெனி என்றால் இரண்டையும் நேராகச் செருகக் கூடாது. உள்ளே பிடிப்பு தளர்ந்து உருகும். ஒரு பக்கத்தை வெட்டி, ஒரே மாதிரி ஜோடியாகக் கிரிம்ப் செய்யுங்கள் (கருவியால் அழுத்திப் பொருத்துங்கள்). கனெக்டர் தரையில் கிடந்தால் ஐப்பசி மழையில் தண்ணீருக்குள் கிடக்கும். ஃபிரேமில் கட்டித் தூக்கிவிடுங்கள். புதிய ஃபிரேம்களுக்கும் எர்த் இழுக்க மறக்காதீர்கள்.

இன்வெர்ட்டரில் செருகும் முன் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின் வோல்ட்டையும் பிளஸ், மைனஸையும் மீட்டரில் உறுதிசெய்யுங்கள்.

6. ஓடவிட்டுப் பாருங்கள்

மேகம் இல்லாத நாளில் 12 மணி வாக்கில் டி.சி. கிளாம்ப் மீட்டரை (கேபிளைச் சுற்றிக் கவ்வி ஆம்பியரை அளப்பது) ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் மாட்டுங்கள். பழைய ஸ்ட்ரிங்கில் 7 முதல் 8, புதியதில் 11 முதல் 12 ஆம்பியர் வந்தால் நல்லது. வோல்ட் சரியாக இருந்து ஆம்பியர் குறைந்தால் முதலில் தூசியைக் கழுவிப் பாருங்கள். மேலூர் பக்கம் கல் குவாரி அருகே இருப்பவர்களுக்கு இது முக்கியம். வோல்ட்டே சுமார் 13 குறைந்தால் ஒரு டயோடு போயிருக்கிறது. நெட் மீட்டர் (கிரிட்டுக்குக் கொடுத்ததையும் எடுத்ததையும் அளக்கும் மீட்டர்) உள்ள வீடு என்றால், கூட்டிய கிலோவாட்டுக்கு மின்வாரியத்தின் ஒப்புதல் வாங்கிய பிறகே கிரிட்டுடன் ஓடவிடுங்கள்.