மின்சாரக் காரின் டிக்கியில் தட்டு பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பத்திலிருந்து குமுளிக்கும், போடியிலிருந்து பூப்பாறைக்கும் அடிக்கடி ஏறி இறங்குபவர்களுக்கு டிக்கி ஒரே குழியாக இருந்தால் தொல்லைதான். அடியில் சார்ஜர் கேபிள், அதன் மேல் ஏலக்காய் மூட்டை, அதற்கும் மேல் நேந்திரம் வாழைத்தாரும் துணிப்பையும். வண்டிப்பெரியாற்றில் சார்ஜ் போட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ரோட்டோரத்தில் இறக்கி வைத்துவிட்டுத்தான் கேபிளை எடுக்க முடியும். டிக்கியை இரண்டு அடுக்காகப் பிரிக்கும் ஒரு தட்டு இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும். ஆனால் பெட்ரோல் காருக்குத் தட்டு அடித்துப் பழகிய ஆசாரியோ வெல்டிங் பட்டறையோ அதே முறையில் மின்சாரக் காரிலும் வேலையைத் தொடங்கினால், சில தவறுகளுக்கு விலை மிக அதிகம்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தட்டு பாரம் தாங்காமல் கீழே உடைந்து விழுவது அரிது. சாமானோடு சேர்ந்து அது முன் சீட்டை நோக்கிப் பாய்வதுதான் உண்மையான ஆபத்து. பெரும்பாலானோர் கீழ்நோக்கிய பாரத்துக்குக் கால் வைக்கிறார்கள், முன்னோக்கிய தள்ளலுக்கு ஒன்றும் செய்வதில்லை.

தரையில் துளை போடுவது

முதல் தவறும் மிகப் பெரிய தவறும் இதுதான். மின்சாரக் காரின் பேட்டரி பெட்டி தரைக்கு அடியில், பல மாடல்களில் பின் சீட்டுக்குக் கீழே வரை நீண்டிருக்கும். பல கார்களில் அதன் மின்னழுத்தம் 300 வோல்ட்டுக்கு மேல். சார்ஜிங் போர்ட் பின் பக்கவாட்டில், பழைய பெட்ரோல் மூடி இருக்கும் இடத்தில் அமைந்த கார்களில், ஆரஞ்சு நிறத் தடித்த கேபிள் பின் சக்கர வளைவை ஒட்டி, டிக்கியின் பக்கச் சுவரை மூடும் பிளாஸ்டிக் ட்ரிம்முக்குப் பின்னாலோ தரைக்கு அடியிலோ போகும். ட்ரிம்மின் வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. ‘ஒரு இஞ்ச் ஸ்க்ரூதானே’ என்று முடுக்குகிற இடத்துக்குப் பின்னால் அது ஓடிக்கொண்டிருக்கலாம். ஆரஞ்சு நிறத்தில் எது கண்ணில் பட்டாலும் அங்கே வேலையை நிறுத்திவிடுங்கள். அதை நகர்த்தக்கூடாது, அதன் மேல் கேபிள் டை கட்டக்கூடாது, பிராக்கெட் உரசவும் விடக்கூடாது.

கேபிளில் படாமல் தப்பினாலும் துளை துளைதான். கீழிருந்து தெறிக்கும் மழைத் தண்ணீர் அதன் வழியே உள்ளே ஏறும். பெயின்ட் போன தகடு துருப்பிடிக்கும். பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. ஓட்டை போட்ட தரை அந்த உத்தரவாதத்தை மறுக்க ஒரு காரணமாகிவிடும். வெல்டிங் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். வெல்டிங் மின்னோட்டம் பாடி வழியே ஓடி மின்னணுப் பெட்டிகளைக் கெடுக்கக்கூடும்.

அப்படியானால் எதைப் பிடித்து நிறுத்துவது? கார் நிறுவனமே டிக்கியில் கொடுத்திருக்கும் கொக்கிகளையும் அவற்றின் போல்ட்களையும்தான். பல கார்களில் தரையின் மூலைகளில் சாமான் கட்டும் கொக்கிகள் இருக்கும். கொக்கியைக் கழற்றி, போல்ட் எம்6-ஆ (6 மி.மீ. விட்டம்) எம்8-ஆ (8 மி.மீ.) என்று அளந்து, 3 மி.மீ. தடிமனுள்ள பிராக்கெட்டை வைத்து மீண்டும் முடுக்கலாம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பிராக்கெட்டின் தடிமன் எவ்வளவோ, போல்ட் நீளமும் அவ்வளவுதான் கூட வேண்டும். கையில் கிடைத்த நீளப் போல்ட்டைப் போட்டால் அது மறுபுறம் நீட்டிக்கொண்டு எதையாவது அழுத்தும். எம்6 போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். காரின் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி.

பிடிமானத்துக்குத் தொடவே கூடாதவை மூன்று. சீட் பெல்ட் போல்ட், குழந்தை சீட்டின் மேல்பட்டை மாட்டும் கொக்கி, பின் சீட்டுச் சாய்மானம் பூட்டிக்கொள்ளும் வளையம். கடைசியாகச் சொன்னதில் பலர் பிராக்கெட்டைத் தொங்கவிடுகிறார்கள், இடம் வசதியாக இருப்பதால். பிராக்கெட்டின் தடிமன் நடுவே வந்தால் பூட்டு முழுதாக விழாது. சீட்டு நின்றதுபோலத்தான் தெரியும், ஆனால் ஒரு திடீர் பிரேக்கில் மூட்டையோடு மடிந்து உட்கார்ந்திருப்பவர் முதுகில் விழும். பூட்டின் பக்கத்தில் சிவப்பு அடையாளம் இருக்கும் கார்களில், அது உள்ளே மறைந்திருந்தால் மட்டுமே பூட்டு விழுந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

முன்னோக்கிய தள்ளலை மறப்பது

குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மின்சாரக் கார் தானாக வேகத்தைக் குறைத்து, பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. ‘ரீஜென்’ எனப்படும் இந்த வேகக்குறைப்பு வலுவான நிலையில் இருந்தால், சாமானின் எடையில் ஆறில் ஒரு பங்கு, சில கார்களில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு முன்னோக்கிய தள்ளல் உண்டாகும். அதனோடு சாலையின் சரிவும் சேர்கிறது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இந்தத் தள்ளல் வந்து போகிறது. தட்டின் மேல் சன்மைக்கா ஒட்டியிருந்தால், அதுவும் ஈரமாக இருந்தால், கூடை ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு விரற்கடை முன்னே நகர்ந்துகொண்டே வரும். மலை உச்சியில் முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால் பேட்டரியில் மின்சாரம் வாங்க இடமிருக்காது, ரீஜென் குறைந்துவிடும். அப்போது ஓட்டுபவர் கால் பிரேக்கை நம்ப வேண்டிவரும், தள்ளல் இன்னும் வெடுக்கென்று இருக்கும்.

காய்ந்த சாலையில் முழு பிரேக் போட்டால் 40 கிலோ மூட்டை ஏறத்தாழ 32 கிலோ விசையோடு முன்னே தள்ளும். மோதலில் கணக்கே வேறு. எடையின் இருபது மடங்கு என்று வைத்தாலும் அது 800 கிலோ. ஐ.நா. வாகன விதி 17-இன்படி பின் சீட்டின் சாய்மானத்தைச் சோதிக்கும்போது 18 கிலோ எடையுள்ள பெட்டிகளை 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுத்தான் பார்க்கிறார்கள். அதைவிட அதிக எடையை உயரத்தில் வைத்துவிட்டுச் சீட்டு தாங்கும் என்று நம்புவது சரியில்லை.

ஆகவே கனமானது எப்போதும் கீழ் அடுக்கில், சீட்டை ஒட்டி. மேல் தட்டில் 15 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தட்டின் உயரம் சீட்டுச் சாய்மானத்தின் பாதியைத் தாண்டக்கூடாது. பலர் டிக்கிக் கதவு பக்கம் மட்டும் விளிம்பு அடிக்கிறார்கள், திறந்ததும் சாமான் விழாமலிருக்க. அது தேவைதான், ஆனால் சீட்டு பக்கம் வைக்கும் விளிம்பு அதைவிட முக்கியம், உயரமும் 75 மி.மீ. இருக்கட்டும். மேற்பரப்புக்குச் சன்மைக்காவுக்குப் பதில் ரிப் போட்ட ரப்பர் விரிப்பு. மூட்டையைத் தட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டு அத்தோடு விடாதீர்கள், பட்டையைத் தட்டின் துளை வழியே கீழே இறக்கித் தரைக் கொக்கியில் மாட்டுங்கள். தட்டு விட்டாலும் பட்டை விடாது.

எடைக்குப் பயந்து மெலிதாக்குவது

‘எடை கூடினால் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) குறையும்’ என்ற பயத்தில் 6 மி.மீ. பலகையைப் போடுகிறவர்கள் உண்டு. கணக்குப் பார்த்தால் பயம் தேவையில்லை. கூடுதலாக 50 கிலோவை 450 மீட்டர் உயரம் ஏற்ற 0.06 யூனிட்தான் வேண்டும், மோட்டாரின் இழப்பையும் சேர்த்தாலும் 0.1 யூனிட்டுக்குள். இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பியும் வந்துவிடும். ரேஞ்சைத் தின்பது கூரையில் கட்டும் கேரியர்தான், காற்று எதிர்ப்பு என்பதால். டிக்கிக்குள் இருக்கும் ஏழெட்டு கிலோ தட்டு தின்பதில்லை.

எடையைப் பார்க்க வேண்டியது வேறொரு காரணத்துக்காக. காரின் மொத்த அனுமதி எடையிலிருந்து வெறும் காரின் எடையைக் கழித்தால் ஏற்றக்கூடிய பாரம் கிடைக்கும். அது 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 65 கிலோ வீதம் ஐந்து பேர் ஏறினால் 325 போய்விடும். மிச்சம் 75. தட்டு 7 கிலோ என்றால் சாமானுக்கு 68 கிலோதான். டிக்கியில் இடம் இருப்பதால் பாரம் ஏற்றலாம் என்றாகாது. முழுப் பாரத்துக்கான டயர் காற்றளவு ஓட்டுநர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் தனியாகக் கொடுத்திருந்தால், மலை ஏறும் முன் அதையே வையுங்கள்.

பலகை விஷயத்தில் ஒரு மீட்டர் அகலமும் 70 செ.மீ. ஆழமும் உள்ள தட்டை எடுத்துக்கொள்வோம். வெறும் 12 மி.மீ. ப்ளைவுட்டின் எடை சுமார் 5.5 கிலோ. இரு பக்கமும் மட்டும் தாங்கி, கணக்குக்காக 40 கிலோ பரப்பி வைத்தால் நடுவில் 8 மி.மீ. அளவுக்குத் தொய்யும். 18 மி.மீ. போட்டால் தொய்வு இரண்டரை மி.மீ., ஆனால் எடை 8 கிலோவைத் தாண்டும். இரண்டையும்விட நல்லது, 12 மி.மீ. பலகைக்கு அடியில் குறுக்கே இரண்டு 25 மி.மீ. சதுர அலுமினியக் குழாய், 2 மி.மீ. சுவர். குழாய்கள் சேர்ந்தே ஒரு கிலோதான், தொய்வு 2 மி.மீட்டருக்குள் அடங்கிவிடும்.

ப்ளைவுட் வாங்கும்போது ஐஎஸ் 710 முத்திரை (ஈரம் தாங்கும் மெரைன் ப்ளைவுட்டுக்கான தரம்) உள்ளதைக் கேளுங்கள். கம்பம் பள்ளத்தாக்கின் கோடை வெயிலில் மூடிய கார் 60 டிகிரியைத் தொடும். அடுத்த வாரமே குமுளிப் பக்கம் விடாத மழையும் மூடுபனியும். சாதாரணப் பலகை இந்த ஏற்ற இறக்கத்தில் ஓரங்களில் ஊதி அடுக்கு பிரியும். வெட்டிய ஓரங்களுக்கு மூன்று பூச்சு, பரப்புக்கு இரண்டு பூச்சு பியு (பாலியூரித்தேன்) பெயின்ட் அடித்து, வெயிலில் நான்கு நாள் வாசனை போகக் காயவிட்ட பிறகே உள்ளே வையுங்கள். பசையில் ஒட்டிய ரெக்சின் வெயிலில் உரியும். கார்ப்பெட்டை ஒட்டுவதோடு ஓரத்தில் ஸ்டேப்பிள் அடித்துவிட்டால் தாங்கும். தெர்மாகோல், மெத்தை ஸ்பாஞ்ச் போன்ற சட்டெனத் தீப்பற்றும் எதுவும் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நைலான் வாஷர் போடாவிட்டால், ஈரத்தில் அலுமினியம் அரித்துப் போகும்.

காற்று வழியையும் வெளியேறும் வழியையும் அடைப்பது

டிக்கியின் பக்கச் சுவரில் சிறு ஜன்னல்போல் கம்பி இடைவெளிகள் தெரியும். காரின் உள்காற்று அவற்றின் வழியாகத்தான் பம்பருக்குப் பின்னால் வெளியேறுகிறது. தட்டின் கால் பலகையோ அட்டைச் சுவரோ அதை மூடினால் மூடுபனியில் கண்ணாடி சீக்கிரம் மங்கும், கதவும் ‘டப்’பென்று சாத்தாமல் அடம்பிடிக்கும். அந்த இடத்தில் குறைந்தது 40 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

தரைக்கு அடியில் பஞ்சர் கிட், ஜாக்கி, இழுவைக் கொக்கி இருக்கும். சில கார்களில் 12 வோல்ட் பேட்டரியோ, உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கோ கூட பின்பகுதியில் இருக்கும். காரின் கையேட்டில் அது எங்கே என்று முதலில் பாருங்கள். விபத்தில் தீயணைப்புப் படையினர் அந்தப் பிளக்கைத் தேடக்கூடும், அதன் மேல் நிலையான எதுவும் வரக்கூடாது. பின் சீட்டு 60:40 என்று பிரிந்து மடிந்தால் தட்டையும் அதே கோட்டில் இரண்டாக வெட்டுங்கள். நான்கு கைத்திருகிகளைக் கழற்றினால் முழுத் தட்டும் வெளியே வர வேண்டும், ஸ்பானர் தேடும் நிலை கூடாது. சார்ஜர் கேபிளுக்குக் கீழ் அடுக்கில் கதவை ஒட்டிய இடம் ஒதுக்குங்கள். மழையில் நனைந்த கேபிளைத் துடைத்துச் சுருட்டி, ஓட்டை உள்ள தட்டில் வைத்தால் அடியில் ஈரம் தேங்காது.

பின் சீட்டையே கழற்றிவிட்டுத் தட்டை நீட்டுவது வேறு வகைத் தவறு. பதிவுச் சான்றிதழில் உள்ள இருக்கை எண்ணிக்கை மாறுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதற்கு இடம் தருவதில்லை, சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லவும் முடியாது.

இடைவெளியும் சத்தமும்

அளவெடுக்கும்போது டேப்பை மட்டும் நம்பாதீர்கள். டிக்கியின் சுவர் நேராக இருக்காது. பழைய அட்டைப்பெட்டியை வெட்டி மாதிரி செய்து, நான்கு பக்கமும் 6 முதல் 8 மி.மீ. விட்டு வெட்டுங்கள். கதவு இடிக்குமா என்று பார்க்க, தட்டின் வெளி விளிம்பில் மூன்று இடத்தில் சப்பாத்தி மாவு உருண்டையை வைத்து, மேலே பாலித்தீன் தாள் போட்டுக் கதவை மெதுவாகச் சாத்தித் திறங்கள். மாவு 10 மி.மீட்டருக்குக் கீழ் நசுங்கியிருந்தால் அந்த இடத்தைச் செதுக்க வேண்டும். கண்ணாடிக்கு உட்புறம் இருக்கும், மங்கலை நீக்கும் டிஃபாகர் கம்பிகளை எந்த மூலையும் உரசக்கூடாது.

எஞ்சின் சத்தம் இல்லாத காரில் சின்னக் கிறீச்சும் கேட்கும். மரமும் உலோகமும் தொடும் இடமெல்லாம் 3 மி.மீ. ஃபெல்ட், பிளாஸ்டிக் ட்ரிம்மைத் தொடும் இடத்தில் துணி டேப், கால்களுக்கு ரப்பர் புஷ். சத்தம் வந்தால் உடனே போல்ட்டை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். அளவுக்கு மீறி முடுக்கினால் பலகைக்குள் பதித்த டி-நட் கழன்று சத்தம் கூடும். தட்டைக் கழற்றிவிட்டு அதே பாதையில் ஒரு முறை ஓட்டுங்கள். சத்தம் தொடர்ந்தால் குற்றவாளி தட்டல்ல, பெரும்பாலும் கழற்றி மாட்டிய ட்ரிம் கிளிப்தான். அது ஒருமுறை வளைந்தால் பிடிக்காது, புதிது போடுங்கள்.

எல்லா போல்ட்டுக்கும் தளராமல் பிடிக்கும் நீல நிற த்ரெட்லாக் பசை ஒரு துளி விட்டு முடுக்கி, தலையிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் மலைப் பயணம் முடிந்ததும் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்து, விலகியதை மட்டும் மீண்டும் இறுக்குங்கள். தென்மேற்குப் பருவமழை முடிந்ததும் தட்டைத் தூக்கி அடியிலுள்ள கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் தட்டினால் வெளியே எடுத்து வெயிலில் காயவைத்து, தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்று கண்டுபிடித்த பிறகே தட்டைத் திரும்ப மாட்டுங்கள்.