உண்ணி நாயில் மட்டும் இல்லை, சுவரிலும்தான்

எங்கள் நாய்க்கு மூன்று தரம் மருந்து போட்டும் உண்ணி போகவில்லை. நான்காம் தரம் வாங்க விசுவமடுவில் இருந்து கிளிநொச்சிக்கு வெளிக்கிட்ட அன்று, ஆணியில் கொழுவிய சேட்டை எடுத்தேன். அதன் பின்னால், ஊறவைத்த பயறு மாதிரிச் சாம்பல் நிறத்தில் ஒன்று சுவரில் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் விளங்கியது.

முதலில் கண்ணில் படுவதைப் பிடுங்குங்கள். காது மடிப்பு, கால்விரல் இடுக்கு, கழுத்துப் பட்டிக்குக் கீழ். சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி வேலை வேண்டாம். பிடுங்கியதை நகத்தால் நசுக்காமல் ஸ்பிரிட் போத்தலில் போடுங்கள்.

அடுத்தது மருந்து. பவுடரை நான் விட்டுவிட்டேன். மண்ணில் ஒரு பிரளல், எல்லாம் போய்விடும். பிடரியில் விடும் பிப்ரோனில் துளிதான் என் தெரிவு. நிறைக்கு ஏற்ற அளவை மிருக வைத்தியரிடம் கேளுங்கள். மயிரை விலக்கித் தோலில் விட வேண்டும். நான் மயிரிலேயே விட்டு, மறுநாள் குளிக்கவும் வார்த்தேன். காசு கிணற்றடியோடு போனது. முன்னும் பின்னும் 2 நாள் குளிப்பாட்டாதீர்கள்.

வயலுக்கு அடிக்கிற மருந்தைக் கலந்து ஊற்றச் சொல்ல ஊரில் ஒருவர் இருப்பார். நாய் உடம்பை நக்கும். நுரை தள்ளி, இழுத்துச் செத்துப்போகும். கழிவு ஒயிலும் நஞ்சுதான்.

இனிச் சுவர். நாய் உண்ணி தன் வாழ்நாளில் மூன்று தரம் நாயில் ஏறும். ஒவ்வொரு தரமும் இரத்தம் குடித்துவிட்டு இறங்கி வெடிப்புக்குள் ஒளிந்துவிடும். கடைசியில் பெண் உண்ணி அங்கேயே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எங்களுடையது வீட்டுத்திட்டத்தில் கட்டி, பூச்சுக்குக் காசில்லாமல் விட்ட கல்லுச் சுவர். டோர்ச் அடித்துப் பார்த்தால் கல்லிடுக்கில் கசகசா போலப் பழுப்பு முட்டைக் குவியல். கேத்தில் கொதிதண்ணீரை இடுக்குகளில் ஊற்றி, காய்ந்த பிறகு சீமெந்தால் அடைத்தோம். நாய் படுத்த சாக்கை எரித்தோம். கிழமைக்கு ஒருதரம் டோர்ச்சோடு சுற்றி, அகப்பட்டதை எல்லாம் ஸ்பிரிட்டில் போட்டோம். சுவர் ஓய இரண்டு மாதத்துக்கு மேல் சென்றது.

தெள்ளு என்றால் பேன்சீப்பால் வாரி, சவர்க்காரத் தண்ணீரில் தட்டுங்கள். சீப்பில் வரும் கரும்புள்ளி ஊத்தையா என்று சந்தேகமா? ஈர வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். செம்மண் நிறத்தில் கசிந்தால் தெள்ளின் எச்சம். முட்டை படுக்கையில்தான் கொட்டுப்படும், அதைச் சுடுதண்ணீரில் துவையுங்கள்.

நாய் சாப்பிடாமல் கிடந்து, பல் முரசு வெளிறினால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள்.

பின்சேர்க்கை: நாயின் மருந்தைப் பூனைக்கும் விடலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். கூடாது. நாய்க்கென்று விற்கும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி இருக்கும். அது பூனையைக் கொல்லும். இரண்டும் ஒட்டிப் படுக்கிற வீடென்றால் நாய்க்கும் அதைப் போடாதீர்கள்.