கிரயத்துக்கு முன் ஒரு கணக்கு

தங்கை தாம்பரம் பக்கம் 45 லட்சத்துக்கு வீடு பேசி முடித்தாள். கையில் இருந்ததும் வங்கிக் கடனும் சேர்த்துச் சரியாக 45 லட்சம்தான். பதிவுச் செலவை அவள் சேர்க்கவே இல்லை.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பழைய பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்: 3,15,000, அதன் கீழே 90,000. மொத்தம் 4,05,000 ரூபாய். இது வாங்குபவர் தலையில்தான் விழும்.

முதலில் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்கள் வாங்கும் வீடு இருக்கும் தெருவின் வழிகாட்டி மதிப்பை, அதாவது அரசு நிர்ணயித்த மதிப்பைப் பாருங்கள். அதுவா, பேசிய விலையா, எது அதிகமோ அதற்குத்தான் தீர்வை. பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதச் சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரியும், வருமான வரியும் கூடும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், 1 சதவீதத்தை விற்பவருக்குத் தரும் பணத்தில் பிடித்து, அவர் பெயரில் வருமான வரித்துறைக்கு நீங்களே கட்ட வேண்டும்.

அப்புறம், அப்பா மகளுக்குக் கொடுக்கும் வீடு என்றால் கிரயம் வேண்டாம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட், அதாவது விலை வாங்காமல் எழுதித் தரும் பத்திரம், எழுதினால் செலவு மிகக் குறைவு.