கியூபெக்கில் கப்பல் ஏறுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் பாதி தாண்டினால் கியூபெக் நகரத் துறைமுகம் களைகட்டிவிடும். மேப்பிள் இலைகள் சிவக்கும் அந்தச் சில வாரங்களில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் இறங்கி ஹாலிஃபாக்ஸ் வழியாக பாஸ்டனுக்கோ நியூயார்க்குக்கோ போகும் கப்பல்கள் இங்கிருந்து கிளம்புகின்றன. முதல்முறை ஏறுபவர்கள் செய்யும் தவறுகள் வருடா வருடம் அச்சு அசலாக அதேதான். பழகியவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் செய்தவைதான். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதை எல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொன்னாலும் ஏறாத விஷயங்கள் மட்டும் இங்கே.

கப்பல் கிளம்பும் நாளிலேயே வந்து சேர்வது

பணமும் பயணமும் சேர்ந்து போகும் தவறு இது. பார்க்கப் பார்க்க ஆத்திரம் வரும், ஏனென்றால் ஒரே ஒரு ஹோட்டல் இரவால் தவிர்க்கக்கூடியது.

மாண்ட்ரியலும் கியூபெக்கும் ஒரே மாகாணம், ஒரே ஆறு. அதனால் பக்கத்து ஊர்கள் என்று மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் இடையே சுமார் 250 கிலோமீட்டர். பெரிய கப்பல்கள் மாண்ட்ரியல் வரை போகாததற்கும் காரணம் உண்டு. கியூபெக் நகரத்தைத் தாண்டி மாண்ட்ரியல் பக்கம் சற்றுத் தூரத்தில், 1917-இல் கட்டி முடித்த கியூபெக் பாலம் குறுக்கே நிற்கிறது. நீர்மட்டத்திலிருந்து அதன் அடிப்பகுதி சுமார் 46 மீட்டர் உயரம்தான். இன்றைய பெரிய பயணக் கப்பல்களின் புகைபோக்கி அதில் இடிக்கும். ஆக, கப்பல் கியூபெக்கில் நிற்கிறது. விமானமோ மலிவாக மாண்ட்ரியலுக்குக் கிடைக்கிறது. சிக்கல் இங்கே ஆரம்பிக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானம் காலை 11.30-க்கு மாண்ட்ரியலில் இறங்குகிறது. கப்பல் மாலை 5 மணிக்கு. ஐந்தரை மணி நேரம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் செக்-இன் கப்பல் கிளம்புவதற்கு 60 முதல் 90 நிமிடம் முன்பே மூடப்படும். 90 என்றால் 3.30. குடிநுழைவு வரிசை, பெட்டி, வண்டி பிடிப்பது எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம். மணி 1 ஆயிற்று. நெடுஞ்சாலை 20-இலோ 40-இலோ மூன்று மணி நேரம், மணி 4. விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகாமல் வந்தே, செக்-இன் மூடி அரை மணி நேரம் ஆகிவிட்டது. ரயிலும் காப்பாற்றாது. மாண்ட்ரியல் மத்திய நிலையத்திலிருந்து மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். தண்டவாளம் சரக்கு ரயில் நிறுவனத்துடையது. சரக்கு வண்டிக்கு வழிவிட்டு நடுவழியில் நிற்பது சாதாரணம்.

டொரண்டோவில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு அதிகாலையில் காரில் கிளம்பும் நம் குடும்பங்களும் இதில் அடக்கம். அது 800 கிலோமீட்டர், எட்டு மணி நேரத்துக்கு மேல். மாண்ட்ரியலைக் கடப்பது தனிப் பாடு. சாலைப் பணிக்காக வைத்த ஆரஞ்சு நிறக் கூம்புகள் குளிர்காலம் வரும்வரை அங்கிருந்து நகராது.

டால்ஹவுசி தெருவில் டாக்ஸியை விட்டு இறங்கி, கல் பாவிய தளத்தில் பெட்டிச் சக்கரம் தடதடக்க ஒரு குடும்பம் ஓடி வரும். கப்பல் இன்னும் கரையை ஒட்டித்தான் நிற்கும். மேல்தளத்தில் ஆட்கள் கையசைப்பதுகூடத் தெரியும். ஆனால் பயணிகள் பட்டியல் அதிகாரிகளுக்குப் போயாயிற்று, ஏறுபாலம் இழுக்கப்பட்டாயிற்று. அதன்பிறகு யார் கெஞ்சினாலும் ஒருவரைக்கூட ஏற்ற மாட்டார்கள்.

அடுத்த துறைமுகத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்பார்கள். முதல் நிறுத்தம் சாகனே என்றால் பிழைத்தீர்கள். சாலை வழியாக 220 கிலோமீட்டர் அளவில்தான். சார்லட்டவுன் என்றால் 900 கிலோமீட்டருக்கு மேல். எதுவானாலும் கப்பல் நிறுவனத்தின் அனுமதி முதலில் வேண்டும். பயணச்சீட்டில் துறைமுக முகவரின் எண் இருக்கும். தாமதம் என்று தெரிந்த அந்த நிமிடமே அதற்குக் கூப்பிடுங்கள், கப்பல் போன பிறகு அல்ல. ஏறுவதானால் கனடாத் துறைமுகம் ஒன்றிலேயே ஏறிவிட வேண்டும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் இரண்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886-லிருந்தே அமெரிக்கச் சட்டம் இருக்கிறது. மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பரில் ஏறி பாஸ்டனில் இறங்க உங்களை விடமாட்டார்கள்.

எனவே, முதல் நாளே கியூபெக் வந்துவிடுங்கள். கப்பல் முதல் இரவு அங்கேயே தங்கும் பயணத்திட்டமாக இருந்தாலும், கடைசி செக்-இன் எத்தனை மணி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எதிர்த் திசையில் வந்து கியூபெக்கில் இறங்குபவர்கள், மாண்ட்ரியலிலிருந்து மாலை 5 மணிக்கு முன் எந்த விமானமும் எடுக்க வேண்டாம்.

ஒரு விசா போதும் என்று இருப்பது

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் கனடா விசா, அமெரிக்க விசா இரண்டும் வேண்டும். "பார் ஹார்பரில் இறங்க மாட்டேன், கேபினிலேயே இருப்பேன்" என்பது செல்லாது. முதல் அமெரிக்கத் துறைமுகத்தில் கப்பலில் உள்ள எல்லாரையும் குடிநுழைவு அதிகாரிகள் பார்ப்பார்கள். விசா இல்லாதவரை கியூபெக்கிலேயே ஏற்ற மாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது. அமெரிக்க விசா நேர்காணலுக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால், விசா கையில் வந்தபின் கேபினுக்கு முழுப்பணம் கட்டுங்கள்.

சில கப்பல்கள் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே உள்ள செயின்ட் பியர் தீவில் நிற்கும். அது பிரான்சின் மண், ஆனால் ஐரோப்பிய நாடுகளின் பொது விசா செல்லும் ஷெங்கன் பகுதியில் சேராது. ஷெங்கன் விசா இருக்கிறதே என்று அங்கே இறங்கிவிட முடியாது.

சாந்த் ஃபுவாவில் ரயிலை விட்டு இறங்குவது

அது புறநகர். கடைசி நிலையமான கார் டு பாலே வரை உட்காருங்கள். அங்கிருந்து துறைமுகம் ஒரு கிலோமீட்டர் சுமார்.

மேல் நகரத்தில் அறை எடுத்துவிட்டு பெட்டியோடு நடப்பது

பழைய கியூபெக் இரண்டு அடுக்கு. ஷாத்தோ ஃப்ரோந்தெனாக் ஹோட்டல் இருக்கும் மேல் நகரம் குன்றின்மேல், துறைமுகம் கீழே. வரைபடத்தில் அரை கிலோமீட்டர் போலத் தெரியும். நடுவே இருப்பது கோத் டு லா மோந்தாஞ் என்ற செங்குத்துச் சாலையும், கழுத்தை முறிக்கும் படிகள் என்றே பெயர் வாங்கிய படிக்கட்டும். 23 கிலோ பெட்டியோடு அக்டோபர் மழையில் அந்தக் கல்தெருவில் இறங்க வேண்டாம். டாக்ஸி எடுங்கள். அல்லது முந்தைய இரவு கீழ் நகரத்திலேயே தங்குங்கள். அறை வாடகைக்கு மேல் 5 சதவீதமும் 9.975 சதவீதமுமாக இரண்டு விற்பனை வரிகள், போதாததற்குத் தங்குமிட வரி என்று ஏறும். இணையத்தில் முதலில் காட்டும் தொகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கடைகளில் முதல் வார்த்தை "போன்ஜூர்" ஆக இருக்கட்டும். அதன்பின் ஆங்கிலத்துக்கு மாறினால் முகம் சுளிக்காமல் பேசுவார்கள்.

கைபேசி காட்டும் நேரத்தை நம்புவது

கியூபெக்கை விட ஹாலிஃபாக்ஸ் ஒரு மணி நேரம் முன்னால், செயின்ட் பியர் இரண்டு மணி நேரம் முன்னால். கைபேசி தானாக மாறிக்கொள்ளும், கப்பல் மாறாமலும் இருக்கலாம். இறங்கும்போது வாசலில் எழுதிவைத்திருக்கும் கப்பல் நேரம் ஒன்றுதான் கணக்கு. சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கஞ்சா

கனடாவில் சட்டப்படி கடையில் விற்கிறார்கள். கப்பலில் அனுமதி இல்லை; அமெரிக்க எல்லைக்குள் கொண்டுபோவது குற்றம்.

பயணத்திட்டத்தைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்வது

செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் அழிவின் விளிம்பில் உள்ள ரைட் திமிங்கலங்களைக் காக்க, 2017-லிருந்து சில பகுதிகளில் கப்பல்களுக்கு 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்) வேக வரம்பு விதிக்கிறார்கள். வேகம் குறைந்தால் ஒரு துறைமுகத்தில் நேரம் குறையும், சில சமயம் அந்தத் துறைமுகமே விட்டுப்போகும். செப்டம்பரில் வடக்கே ஏறிவரும் புயல்கள் வேறு. 2022-இல் ஃபியோனா அட்லாண்டிக் கனடாவைப் புரட்டிப்போட்டது. பணம் திரும்பாத தனியார் சுற்றுலா எதையும் எந்த நிறுத்தத்துக்கும் முன்பதிவு செய்யாதீர்கள்.

கூடுதல் பணம் கொடுத்துத் தவறான பக்கத்துப் பால்கனி எடுப்பது

ஆற்றில் இறங்கும்போது வடகரை இடப்பக்கம் வரும், மலையும் அருவியும் அந்தப் பக்கம்தான். நோவா ஸ்கோஷியாவைச் சுற்றித் தெற்கே திரும்பியதும் கரை வலப்பக்கம் போய்விடும். அதனால் எந்தப் பக்கம் எடுத்தாலும் பாதிதான் கிடைக்கும். உள்கேபின் எடுத்து மிச்சப் பணத்தில் முந்தைய இரவு ஹோட்டலை எடுப்பது நல்லது. பார்ப்பதற்கு மேல்தளம் இருக்கிறது. கயிறு அவிழ்த்த முதல் அரை மணிக்குள், ஓர்லியான் தீவின் முனைக்கு வரும்போது, இடப்பக்கம் மோன்மோரான்சி அருவி 83 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது வெள்ளைக் கோடாகத் தெரியும். அக்டோபர் நடுவில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். சாப்பாட்டு வரிசையை விட்டுவிட்டு முதலில் அங்கே நில்லுங்கள். சாகனே நிறுத்தம் இருந்தால், ஃபியோர்டிலிருந்து (செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே நீளும் குறுகிய நீர்வழி) பிற்பகலில் வெளியேறும்போது வலப்பக்கம் கேப் ட்ரினிட்டே பாறைச்சுவர் வரும். அதன் இடுப்பில் 1881-இல் நிறுத்திய வெள்ளை மாதா சிலையைத் தேடுங்கள்.